விண்ணப்பம் போகிறது, வேலை வரவில்லை: எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத் திருத்தும் வழி

கொழும்பில் வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் செய்து பார்த்திட்டன், சரிவரேல்லை." இருத்திக் கேட்டால் கதை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு விண்ணப்பித்த இடங்களிலிருந்து ஒரு பதிலும் இல்லை. இன்னொருவருக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுகிறார்கள், அதற்கப்புறம் சத்தமில்லை. மற்றவருக்குப் பொருத்தமான விளம்பரமே கண்ணில் படுவதில்லை. இவர்கள் மூவருமே செய்வது என்னவென்றால், புதிதாக ஒரு சீவி (சுயவிவரக் கோவை) அடித்து இன்னும் நூறு இடத்துக்கு அனுப்புவது. அது முதலாமவருக்கு மட்டும் கொஞ்சம் உதவும். மற்ற இருவருக்கும் நேரம்தான் வீண்.

ஆட்களைத் தெரிவு செய்யும் பக்கத்தில் இருந்து பார்த்துவரும் எனக்கு இது கவலையான விஷயம். கெட்டித்தனமான பிள்ளைகள், சீராக்கக்கூடிய ஒரு சின்னப் பிழைக்காக மாதக்கணக்கில் நிற்கிறார்கள். ஆகவே அறிகுறியைப் பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் மட்டும் கைவையுங்கள். நன்றாக இருக்கும் பகுதியை அப்படியே விடுங்கள்.

அதற்கு முதலில் ஒரு கொப்பியோ எக்செல் தாளோ வேண்டும். திகதி, கம்பனி, பதவி, விளம்பரம் எங்கே கண்டது, எந்தச் சீவி போனது, யாராவது சொல்லி அனுப்பினார்களா, என்ன நடந்தது. இவ்வளவும் ஒரு வரிசையில். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். முடிவுத் திகதி போனதும் விளம்பரம் தளத்திலிருந்து போய்விடும், ஆனால் உங்களுக்குக் கோல் வருவது மூன்று கிழமை கழித்து. "எந்தப் பதவிக்கு?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அந்த உரையாடல் அநேகமாக அதோடு முடிந்துவிடும். ஒரு மாதம் எழுதினாலே உங்கள் தடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தாளே காட்டிவிடும்.

அறிகுறி: அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், ஒரு பதிலும் இல்லை

முதலில் கோப்பைச் சோதியுங்கள். உங்கள் சீவியின் பீடிஎஃபைத் திறந்து, முழுவதையும் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து ஒழுங்காக, மேலிருந்து கீழே வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால் அது படம். பக்கவாட்டில் இரண்டு பத்தியாக எழுதியது ஒன்றோடொன்று கலந்து வந்தால், விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் செய்த வர்ணச் சீவிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். திறமைக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்தில் நான்கு போடுவதையும் எடுத்துவிடுங்கள். எக்செலில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று எவருக்கும் தெரியாது. 'பிவட் டேபிள் செய்வேன்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து, அனுப்பும் முறை. வேலை விளம்பரத் தளமான டொப்ஜொப்ஸில் பல விளம்பரங்கள் படமாகவே இருக்கும். எந்த மின்னஞ்சலுக்கு, தலைப்பில் என்ன எழுதி, எந்தத் திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். தலைப்பில் பதவியின் பெயரைப் போடு என்று கேட்ட இடத்துக்கு வெறும் 'சீவி' என்று போனால், பெட்டியில் குவிந்து கிடக்கும் நூற்றுக்கணக்கானவற்றில் அது எந்தப் பதவிக்கு என்று தேட ஒருவருக்கும் நேரமிருக்காது. கோப்பின் பெயரும் அப்படித்தான். 'நியூ பைனல் 2' என்பதை மாற்றி உங்கள் பெயரும் பதவியும் வரும்படி சேமியுங்கள். சீவியில் உள்ள தொலைபேசி இலக்கம் இப்போது பாவிக்கும் சிம்தானா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இந்த ஒரு காரணத்தாலேயே நல்ல ஆட்கள் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொன்று. ஊர் முகவரியை மட்டும் போட்டால், 'இவர் கொழும்புக்கு வருவாரா, எங்கே தங்குவார்' என்ற யோசனையில் உங்கள் விண்ணப்பம் பின்னுக்குப் போகலாம். தங்க இடம் இருந்தால் அதையும் சேருங்கள்: 'வெள்ளவத்தையில் தங்குமிடம் உண்டு, இரண்டு கிழமையில் வேலையில் சேரலாம்.' ஒரு வரி போதும்.

இனி உள்ளடக்கம். நான் அதிகம் காணும் வரி, 'கணக்கு வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்' என்ற மாதிரியானது. இதைப் படிக்கும் கணக்காளருக்கு நீங்கள் பில் அடுக்கினீர்களா, மாதக் கணக்கையே முடித்துக் கொடுத்தீர்களா என்று தெரியாது. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: 'புறக்கோட்டை மொத்த வியாபார நிலையமொன்றில் மாதம் ஏறக்குறைய 400 விலைப்பட்டியல்களைக் குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் பதிந்தேன். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் முடித்தேன். வற் வரி அறிக்கைக்கான விவரங்களைத் தயார் செய்து கணக்காளரிடம் கொடுத்தேன்.' ஆள் அதே ஆள்தான், செய்த வேலையும் அதேதான். ஆனால் இப்போது படிப்பவரின் கண்முன் அந்த மேசையில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் இப்படி மூன்று வரி எழுதினால் போதும். எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும், நேர்முகத்தில் நிச்சயம் கேட்பார்கள்.

தொழில்முறைப் படிப்பு பாதியில் இருந்தால் மறைக்க வேண்டாம். 'சிஏ (பட்டயக் கணக்காளர்) படிக்கிறேன்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த நிலை முடிந்தது, எத்தனை பாடம் மிச்சம், அடுத்த பரீட்சை எப்போது என்று எழுதுங்கள். அதேபோல், உங்களைப் பற்றி விசாரிக்க என்று அடியில் கொடுக்கும் 'உறவினர் அல்லாத இருவர்' யார் என்பதைப் பலர் பழைய சீவியிலிருந்து அப்படியே தூக்கிப் போடுகிறார்கள். அவர்களிடம் கேட்டு, உங்களைப் பற்றி இப்போது சொல்ல அவர்களுக்கு ஏதாவது தெரியுமா என்று உறுதி செய்யுங்கள். ஓய்வுபெற்று வெளிநாடு போய்விட்ட அதிபரின் பழைய இலக்கம் யாருக்கும் உதவாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண விவரம் இவற்றைப் போடுவது இங்கே பழக்கம்தான். கம்பனி கேட்காவிட்டால் போடாதீர்கள் என்பது என் கருத்து. பொதுத் தளத்தில் ஏற்றும் சீவியில் அடையாள அட்டை இலக்கம் இருக்கவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால், பிழை நீங்கள் குறிவைக்கும் இடத்தில் இருக்கிறது. ஐந்து வருட அனுபவம் கேட்கும் பதவிகளுக்கு ஆறு மாத அனுபவத்தோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று உங்கள் தாளில் பாருங்கள்.

அறிகுறி: எனக்குப் பொருத்தமான விளம்பரமே இல்லை

ஒரே தளத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். டொப்ஜொப்ஸ், எக்ஸ்பிரஸ்ஜொப்ஸ், லிங்க்ட்இன் மூன்றையும் பாருங்கள். விற்பனை, சாரதி, காசாளர், கடை முகாமைத்துவம் போன்றவற்றுக்கு இக்மன் விளம்பரத் தளமும் உண்டு. புதிய விளம்பரம் வந்தால் அறிவிக்கும் வசதியை உங்கள் பதவிப் பெயரில் போட்டு வையுங்கள், ஆனால் ஒரு பெயரில் மட்டும் வேண்டாம். 'கணக்கு உதவியாளர்', 'நிதி நிறைவேற்றுநர்', 'ஒடிட் பயிலுநர்' என்று உங்களுக்குப் பொருந்தும் வேலைகள் பல பெயரில் வரும். வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பெரிய குழுமங்களும் தங்கள் சொந்தத் தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கம் வைத்திருக்கின்றன. விருப்பமான பத்துக் கம்பனியைத் தெரிந்தெடுத்துத் திங்கள் காலையில் ஒரு சுற்றுப் பாருங்கள். அரச வேலையென்றால் வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானி. தமிழிலும் வருகிறது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம்.

புறக்கோட்டைக் கடைகளும் செட்டியார் தெரு நகைக்கடைகளும் வெள்ளவத்தையின் சிறு நிறுவனங்களும் பல சமயம் எங்கும் போடுவதில்லை. கதவில் ஒரு கடதாசி, அல்லது வேலை செய்பவரிடம் "தெரிஞ்ச பிள்ளை இருந்தா கூட்டிவா" என்ற ஒரு சொல். அவ்வளவுதான். இங்கேதான் அடுத்த பகுதி முக்கியமாகிறது.

அறிகுறி: தெரிந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், "பாப்பம்" என்கிறார்கள்

இதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கும். ஒன்று, யாரிடம் சொல்கிறீர்கள் என்பது. மற்றது, என்ன கேட்கிறீர்கள் என்பது.

நெருங்கியவர்களிடம்தான் நாம் முதலில் சொல்வோம். ஆனால் ஒரே அறையில் தங்கும் நண்பனுக்கும் உங்களுக்கும் ஒரே வட்ஸ்அப் குழுக்கள், ஒரே செய்திகள். அவனுக்குத் தெரிந்த வெற்றிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பொஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தபோது, ஆட்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு உதவியவர் அடிக்கடி சந்திக்கும் நண்பர் அல்ல, எப்போதாவது காணும் அறிமுகம் என்று கண்டார். இந்தக் கருத்தை 1973இல் வெளியிட்டார். 2022இல், லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கு மேற்பட்டோரின் தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது: மிக நெருக்கமும் இல்லாத, அடியோடு அந்நியமும் இல்லாத, நடுத்தர அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவின.

கொழும்புத் தமிழருக்கு அந்த நடுத்தர அறிமுகங்கள் நிறையவே உண்டு, நாம்தான் பாவிப்பதில்லை. வடக்குக் கிழக்குப் பாடசாலைகள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்பில் கிளை இருக்கிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனால், வங்கி மெனேஜரும் பொறியியலாளரும் கணக்காளரும் அதே பாடசாலைக் கீதத்தைப் பாடிக்கொண்டு நிற்பார்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகள், மேடைப் பேச்சுப் பழகும் ரோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள், தொழில்முறை நிறுவனங்களின் மாணவர் கூட்டங்கள், மருதானை ட்ரேஸ் வளாகத்தில் நடக்கும் தொழில்நுட்பச் சந்திப்புகள், உங்கள் கோயில் அல்லது சேர்ச் தொண்டர் குழு. முன்பு வேலை செய்த இடத்திலிருந்து விலகிப் போனவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் இப்போது வேறு கம்பனிகளில் இருக்கிறார்கள், நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள்.

அடுத்து, கேட்கும் விதம். "அண்ணா, ஏதும் வேலை இருந்தா சொல்லுங்கோ" என்று சீவியோடு ஒரு செய்தி போகிறது. அந்த அண்ணாவுக்கு உதவ மனம் இருக்கும். ஆனால் என்ன வேலை, எங்கே, உங்களால் என்ன முடியும் என்று அவருக்குத் தெரியாது. தன்னிடம் கொடுக்க வேலையும் இல்லை. "பாப்பம் தம்பி" என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

வேலையைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். வேலை எல்லாரிடமும் இருக்காது. தன் துறையைப் பற்றிய விவரம் எல்லாரிடமும் இருக்கும், அதைச் சொல்ல ஆட்களுக்குப் பிடிக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நான் எங்கள் பாடசாலையில் 2018 உயர்தர வர்த்தகப் பிரிவு. வர்த்தகப் பாட டீச்சரிடம் உங்கள் இலக்கத்தை வாங்கினேன். ஏஏடி கணக்கியல் படிப்பை முடித்து, இரண்டு வருடமாக ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு வேலை செய்கிறேன். காப்புறுதித் துறையில் கிளெய்ம்ஸ் (இழப்பீட்டுக் கோரிக்கை) பிரிவுக்கு மாற விருப்பம். அங்கே புதிதாக வருபவரிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று உங்களிடம் பத்து நிமிடம் போனில் கேட்கலாமா? இந்தக் கிழமை 6 மணிக்குப் பிறகு எந்த நாளும் எனக்குச் சரி. உங்கள் வசதிதான் முக்கியம்."

இதில் அவருக்கு உங்களை யாரென்று தெரிகிறது, யார் மூலம் வந்தீர்கள் என்று தெரிகிறது, கேட்டது சிறியது, 'ஓம்' சொல்வது சுகம். சீவி இணைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரே கேட்பார்.

பேசும்போது, எந்த மென்பொருள் பாவிக்கிறார்கள், எந்த மாதங்களில் ஆள் எடுப்பார்கள், புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இன்னும் யாரோடு கதைத்தால் எனக்கு நல்லது, அக்கா?" ஒருவர் இருவரைக் காட்டுவார், அந்த இருவர் இன்னும் சிலரைக் காட்டுவார்கள். பத்து நிமிடம் என்று கேட்டால் பத்தாவது நிமிடத்தில் நீங்களே முடியுங்கள். அன்றிரவே நன்றி எழுதுங்கள். இரண்டு மூன்று கிழமையில் இன்னொரு செய்தி: "நீங்கள் சொன்ன அந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்." இந்த இரண்டாவது செய்தியைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. எழுதுபவரை ஆட்கள் மறப்பதும் இல்லை.

அவருடைய கம்பனியில் வெற்றிடம் வந்தால், முறைப்படி நீங்களே விண்ணப்பியுங்கள். அப்புறம் பதவியின் பெயரையும் விண்ணப்பித்த திகதியையும் அவருக்கு அனுப்பி, "பொருத்தம் என்று நினைத்தால் உள்ளே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில், ஊழியர் காட்டிய ஆள் சேர்ந்தால் அந்த ஊழியருக்கே ஒரு தொகை கிடைக்கும். ஆகவே இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து வரும் சொல் உங்கள் விண்ணப்பத்தைத் திறக்க வைக்கும். தெரிவாவது உங்கள் கையில்.

ஒன்று மட்டும் வேண்டாம். அம்மாவோ மாமாவோ மெனேஜருக்கு நேரே போன் எடுத்துப் பிள்ளைக்காகப் பேசுவது. பாசத்தில் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளை தனியாக முடிவெடுக்குமா என்ற சந்தேகம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வந்துவிடும். இலக்கத்தை வாங்கித் தரச் சொல்லுங்கள், பேசுவது நீங்களாக இருக்கட்டும்.

அறிகுறி: லிங்க்ட்இன் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை

பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடமுண்டு. அதில் 'வேலை தேடுகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆள் தேடுபவர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடமாட்டார். அவர் பதவியையும் கருவியையும் ஊரையும் போட்டுத் தேடுவார். அவற்றை எழுதுங்கள். இடம் கொழும்பு என்று இருக்கட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் மொழிப் பகுதியில் உண்மையான நிலையோடு போடுங்கள். இப்போது வேலையில் இருந்துகொண்டே தேடுபவர், வேலைக்குத் தயார் என்ற பச்சை வளையத்தைப் போடாமல், ஆள் சேர்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும் தெரிவை எடுங்கள். அதுவும் முழு மறைப்பு அல்ல என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது.

அறிகுறி: கூப்பிடுகிறார்கள், ஆனால் நேர்முகத்தோடு நின்றுவிடுகிறது

மகிழுங்கள், உங்கள் சீவி நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

முதல் போன் அழைப்பிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பேசினால் இருபக்கமும் விளங்காது. "பத்து நிமிடத்தில் நானே எடுக்கலாமா?" என்று கேட்பது தவறே இல்லை. எடுக்கும்போது உங்கள் தாள் முன்னால் இருக்கட்டும்.

பலர் தடுமாறுவது சிங்களத்தில். "சிங்களம் எப்படி?" என்றதும் ஒருவர் "நல்லாத் தெரியும்" என்று சொல்லி அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார், இன்னொருவர் "தெரியாது" என்று கதவைச் சாத்திவிடுவார். உள்ளதைச் சொல்லுங்கள்: "கேட்டால் விளங்கும், மெதுவாகப் பேசுவேன், வாசிக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன்." அதோடு நில்லாமல், தமிழில் நீங்கள் செய்யக்கூடியதையும் முன்வையுங்கள். வடக்கு, கிழக்கு, மலையக வாடிக்கையாளரோடு பேச, கடிதம் எழுத, முறைப்பாட்டைத் தீர்க்க வங்கிக்கும் காப்புறுதிக்கும் தொலைத்தொடர்புக்கும் ஆள் வேண்டும். அதை ஒரு குறையை ஈடுசெய்வது போல் சொல்லாதீர்கள், அது முழுத் திறமை.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் ஊர், அப்பா, பாடசாலை என்று தொடங்க வேண்டாம். இப்போது செய்வது, அதில் நன்றாகச் செய்த ஒன்று, இந்தப் பதவி ஏன். ஒன்றரை நிமிடம். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

சம்பளக் கேள்விக்கு, "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்பது பதில் அல்ல. அதே பதவியில் இருக்கும் மூன்று பேரிடம் முன்பே கேட்டு ஒரு வீச்சைச் சொல்லுங்கள். மேலே சொன்ன பத்து நிமிட உரையாடல்கள் இதற்கும் உதவும்.

அறிகுறி: வேலை கிடைத்துவிட்டது போல் இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை

மனம் சொல்வதைக் கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முற்பணம் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்து, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் சிறு தொகை தந்து, பிறகு உங்களைப் பணம் வைப்பிடச் சொல்வது மோசடி. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

வெளிநாட்டு வேலையென்றால், முகவரிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்க அவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். 'விசிட் விசாவில் வா, அங்கே மாற்றித் தருகிறோம்' என்றால் போகவே வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததும், 2024இல் அவர்களில் பலரை மீட்டு வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த துயரம்.

உள்ளூர் வேலை உண்மையானதுதான், ஆனால் தெளிவில்லை என்றால், நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎப்) உங்கள் பக்கம் 8%, முதலாளி 12%. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3%, அதை முதலாளி மட்டுமே கட்டுகிறார், உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. "தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈபிஎப்" என்று சொன்னால் அது சட்டப்படி சரியல்ல, முதல் நாளிலிருந்தே உரியது. பிரச்சினை வந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது.

கையொப்பமிட்ட கடிதம் கைக்கு வரும்வரை பழைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்காதீர்கள், மற்ற விண்ணப்பங்களையும் நிறுத்தாதீர்கள். கடிதம் வந்த அன்று, உங்கள் கொப்பியில் 'யார் சொல்லி' என்ற வரிசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் எங்கே, என்ன பதவியில் சேர்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.